பார்க்கப்பட்டது

எனக்கு 25 வயதிருக்கும்போது நான் எழுதிய மூன்று சொற்கள் ஓர் ஆலையை 9 மணி நேரம் நிறுத்தி வைத்தன. ‘பி பம்ப் பார்க்கப்பட்டது.’ ஷிப்ட் பதிவேட்டில், நீல மையில், கீழே என் சுருக்கொப்பத்தோடு. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதியதுதான். ஆனால் அவசரம் மட்டும் காரணமில்லை என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

அன்று பிற்பகல் மூத்த ஃபிட்டர் ஒருவர் வந்து, “மேடம், பி பம்ப்பில் சத்தம் சரியில்லை. உள்ளே ஏதோ அரைபடுகிறது” என்றார். அது மாற்றுப் பம்ப். ஏ பம்ப் பழுதானால் மட்டும் ஓடுவது. வாராந்திரச் சோதனைக்காக ஓட்டியிருந்தார்கள். போய், நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் கூட்டின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். (அதிர்வு அளக்கும் கருவி அலமாரியில் பூட்டிக் கிடக்கும், சாவி வேறொருவரிடம் இருக்கும். ஆலையில் எல்லோரும் செய்வது இதைத்தான்.) வாயில் மணலை மெல்வதுபோல ஒரு நெறுநெறுப்பு. பேரிங் போகப்போகிறது என்று தோன்றியது. பம்ப்பை நிறுத்தச் சொன்னேன். மறுநாள் காலை திறந்து பார்க்கலாம் என்று மனத்துக்குள் முடிவு செய்தேன். மனத்துக்குள் மட்டும். பதிவேட்டில் அந்த மூன்று சொற்களை எழுதிவிட்டுப் போய்விட்டேன்.

இரவு ஏ பம்ப்பின் சீல் ஒழுகத் தொடங்கியது. இரவு ஷிப்டில் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். பி பம்ப் பார்க்கப்பட்டது. பார்த்தாகிவிட்டது என்றால் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்? ஓட்டிவிட்டார். 40 நிமிடத்தில் பேரிங் இறுகி, தண்டு கீறி, இரண்டு பம்ப்பும் இல்லாமல் ஆலை நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

மறுநாள் விசாரணை நடத்தியவர் குரலை உயர்த்தவே இல்லை. பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்து, அந்த வரியில் விரலை ஊன்றி, “யார் பார்த்தது? பார்த்ததில் என்ன தெரிந்தது? தெரிந்தபின் அடுத்தவர் என்ன செய்யவேண்டும்?” என்று கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. என் வாக்கியத்தில்தான் இல்லை.

ஏன் அப்படி எழுதினேன்? எனக்கு உறுதியில்லை. ‘பேரிங் போகப்போகிறது, ஓட்டவேண்டாம்’ என்று எழுதி, மறுநாள் திறந்து பார்க்கும்போது பேரிங் புத்தம் புதிதாக இருந்தால்? சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாதவள் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஜோசியம் சொன்னாள் என்று சிரிப்பார்கள். எழுதாமலும் விடமுடியாது. அப்போது கைகொடுக்க வந்தது ‘பட்டது’. தமிழில் அந்த விகுதிக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் யாரும் ‘கதவு என்னால் திறக்கப்பட்டது’ என்று பேசுவதில்லை. மேசை, நாற்காலி, முத்திரை என்று வந்தவுடன் எல்லாம் செய்யப்படும், பரிசீலிக்கப்படும், கவனத்தில் கொள்ளப்படும். செய்கிறவர் மட்டும் எங்கோ காணாமல் போய்விடுவார். நான் அன்று அந்த விகுதிக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன்.

17 ஆண்டு ஆலை வேலைக்குப் பிறகு, கடந்த 6 ஆண்டுகளாக இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு வாரத்தில் 2 மணி நேரம் பாடம் எடுக்கிறேன். பாடத்தின் பெயர் ‘மென்திறன்கள்’. இந்தப் பெயரை வைத்தவர் கையில் கிடைத்தால் கொஞ்சம் பேசவேண்டும் என்று நினைத்ததுண்டு. தேடிப் போனால் அது அமெரிக்க ராணுவத்தில் போய் நிற்கிறது. 1972 டிசம்பரில் ஃபோர்ட் பிளிஸ் ராணுவத் தளத்தில் இதற்கென்றே ஒரு மாநாடு கூட்டியிருக்கிறார்கள். இயந்திரத்தோடு அதிகம் புழங்காமல் மனிதர்களோடும் காகிதங்களோடும் செய்கிற வேலைகளை அவர்கள் அப்படி அழைத்தார்கள். பீரங்கியை இயக்குவது வன்திறன். பீரங்கி இயக்குபவர்களை மேய்ப்பது மென்திறன். இரண்டில் எது கடினம் என்பது மேய்த்தவர்களுக்குத் தெரியும்.

பெயர்தான் புதிது, பேச்சு பழையது. கார்னகி அறக்கட்டளைக்காக சார்லஸ் மான் என்பவர் 1918 இல் பொறியியல் கல்வி பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். நல்ல பொறியாளருக்கு எது முக்கியம் என்று ஆயிரக்கணக்கான பொறியாளர்களிடமே கேட்டு வரிசைப்படுத்தினார். குணம், எடைபோட்டு முடிவெடுக்கும் திறம், வேலையை முடிக்கும் திறம், மனிதர்களைப் புரிந்துகொள்வது, பிறகுதான் பாட அறிவு, கடைசியில் தொழில்நுட்பக் கைவரிசை. நூறாண்டு கடந்தும் கல்லூரிகளின் கால அட்டவணை இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1989 இல் ஒருவர் நாட்டுப் பொறியியல் பட்டத்தை மற்றவர் ஏற்பதற்காக ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் கையெழுத்திட்ட வாஷிங்டன் உடன்படிக்கை இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. பட்டதாரிக்கு இருக்கவேண்டிய பண்புகள் என்று அது சொல்பவற்றில் குழுவாக வேலை செய்வது, கருத்தைத் தெரிவிப்பது, தொழில் அறம் எல்லாம் உண்டு. தாளில் குறையே இல்லை. அந்தத் தாள் என் வகுப்பறைக்கு வந்து சேரும்போது ‘கைகுலுக்குவது எப்படி’ என்று ஆகிவிடுகிறது.

முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அதைத்தான் நடத்தினேன், ஒப்புக்கொள்கிறேன். கண்ணைப் பார்த்துப் பேசுவது, நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது, ‘உங்கள் பலவீனம் என்ன’ என்ற நேர்முகக் கேள்விக்கு ‘அளவுக்கு மீறி உழைப்பது’ என்று பொய் சொல்வது. கணினியில் காட்டும் படக்காட்சித் தாள்கள் (ஸ்லைடுகள்) 64 வைத்திருந்தேன். ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “மேடம், நீங்கள் வேலை பார்த்த இடத்தில் யாராவது கைகுலுக்கத் தெரியாமல் வேலையைக் கெடுத்திருக்கிறார்களா?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் பி பம்ப்பை நினைத்துக்கொண்டேன். அந்த 64 தாள்களை அதன்பிறகு திறக்கவில்லை.

இப்போது பருவத்தின் முதல் வகுப்பில் பைப்பர் ஆல்ஃபாவைப் பற்றிப் பேசுகிறேன். வட கடலில் நின்ற எண்ணெய், எரிவாயு மேடை அது. 1988 ஜூலை 6. அங்கேயும் இரண்டு பம்ப்புகள், ஏ, பி. ஏ பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பகலில் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. குழாயின் வாயை ஒரு தகட்டால் மூடிவிட்டு, மீதியை நாளைக்கு என்று விட்டுவிட்டார்கள். இரவு ஷிப்டில் பி பம்ப் நின்றது, மறுபடி கிளம்பவில்லை. எந்தக் கருவியில் என்ன வேலை நடக்கிறது என்பதைச் சொல்வது அனுமதிச் சீட்டு. இரவுக்குழு ஏ பம்ப்பின் சீட்டைத் தேடியது. ஒரு சீட்டு கிடைத்தது. அது இன்னும் தொடங்காத வேறு பராமரிப்பு வேலைக்கானது. வால்வு கழற்றப்பட்டதைச் சொல்லும் சீட்டு அவர்கள் கண்ணில் படவில்லை, ஷிப்ட் மாறும்போது யாரும் வாயால் சொல்லவும் இல்லை. ஏ பம்ப்பை ஓட்டினார்கள். தகட்டின் இடுக்கில் வாயு கசிந்து, இரவு 10 மணியளவில் வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். கல்லன் பிரபு தலைமையில் நடந்த விசாரணை 1990 இல் 106 பரிந்துரைகளோடு முடிந்தது.

இதைச் சொல்லிவிட்டு, என் பம்ப் கதையையும் சொல்வேன். இரண்டையும் ஒப்பிட எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்வேன். மாணவர்கள் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். பைப்பர் ஆல்ஃபா அவர்களுக்குச் செய்தி. எதிரில் நிற்கும் ஆசிரியை மூன்று சொல்லில் ஆலையை நிறுத்தியவள் என்பது வேறு.

பிறகு செய்முறை. பட்டறையிலிருந்து சிறிய கியர் பம்ப்புகள் நான்கை வாங்கி வைத்திருக்கிறேன். பகுதி பகுதியாகக் கழற்றியது. முதல் குழு பொருத்தத் தொடங்கும். 20 நிமிடத்தில் மணி அடிப்பேன். எந்த நிலையில் இருந்தாலும் கையை எடுத்துவிடவேண்டும். அரைப் பக்கத் தாளில் அடுத்த ஷிப்டுக்குக் குறிப்பு எழுதவேண்டும், பேசக்கூடாது. இரண்டாவது குழு வந்து அந்தத் தாளைப் படித்து வேலையைத் தொடரும். மதிப்பெண்ணில்தான் ஒரு விஷமம் செய்திருக்கிறேன். முதல் குழுவுக்கு அவர்கள் பொருத்திய பாகங்களுக்கு மதிப்பெண் கிடையாது. இரண்டாவது குழு எவ்வளவு சரியாக முடிக்கிறதோ அதுதான் முதல் குழுவின் மதிப்பெண். முதல் ஆண்டு இதைக் கேட்டதும் வகுப்பே கொதித்தது. “அவர்கள் செய்யும் தவறுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?” என்றார்கள். ஆலைக்குப் போனதும் தெரியும் என்றேன்.

தாள்களில் வருபவற்றைப் படித்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். ‘வேலை பெரும்பாலும் முடிந்தது.’ ‘போல்ட்டுகள் போடப்பட்டுள்ளன.’ ‘கவனமாகச் செய்யவும்.’ கடைசி வகைதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. எதில் கவனம் என்று சொல்லாத எச்சரிக்கை, எழுதியவரைக் காப்பாற்றுமே தவிரப் படிப்பவரை அல்ல.

ஒவ்வொரு பம்ப்பிலும் நானே ஒரு குறை வைப்பேன், சொல்லமாட்டேன். சென்ற பருவம் ஒரு பம்ப்பில் விரிசல் விட்ட வாஷரைக் கலந்து வைத்தேன். முதல் குழுவில் மூன்று பேர் அதைக் கண்டார்கள். ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டதையும் நான் பார்த்தேன். தாளில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டாவது குழு அதையே போட்டு முடுக்கியது, வாஷர் இரண்டாகப் பிளந்தது. முதல் குழுவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன், “நாங்கள்தான் உடைத்தோம் என்று நினைப்பீர்களே, மேடம்” என்றான்.

அந்தப் பதிலுக்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. அவன் 15 ஆண்டுப் பள்ளி, கல்லூரி வாழ்க்கையில் கற்ற பாடம் அது. தவறைக் காட்டுகிறவன் மாட்டிக்கொள்வான், மூடுகிறவன் தப்பிப்பான். இரண்டு மணி நேர வகுப்பில் அதை அழித்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். குறையைத் தாளில் எழுதினால், அது யாரால் நேர்ந்ததாக இருந்தாலும், 5 மதிப்பெண் கூடுதல். முதல் வாரம் மதிப்பெண்ணுக்காக இல்லாத குறைகளையெல்லாம் எழுதினார்கள். மேசை ஆடுகிறது என்றுகூட ஒரு தாள் வந்தது. பரவாயில்லை, மேசை உண்மையிலேயே ஆடத்தான் செய்தது.

இந்தப் பயிற்சியில் ஒரு மாணவனை மறக்கமுடியாது. மேடையேறிப் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பழைய முறைப்படி என் மதிப்பீட்டுத் தாளில் அவனுக்கு 50க்கு 14. அவன் எழுதிய ஷிப்ட் குறிப்பை இன்னும் வைத்திருக்கிறேன்:

‘எட்டு போல்ட்டில் ஐந்து ஸ்பேனர் போட்டு முடுக்கியது. சாக்பீஸால் குறி வைத்திருக்கிறேன். 6, 7 கையால் மட்டும் திருகியது. 8ஆம் துளையில் மரை தேய்ந்திருக்கிறது. நான் கோணலாக வைத்துத் திருப்பியதால் ஆனது. அதில் போல்ட் போடவேண்டாம், மேடத்திடம் வேறு மூடி கேளுங்கள். கியர் கையால் சுற்றினால் ஒரு இடத்தில் பிடிக்கிறது. காரணம் எனக்குத் தெரியவில்லை.’

‘காரணம் எனக்குத் தெரியவில்லை’ என்று எழுத எனக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணிப் பார்த்தேன். இவனுக்கு 21 வயது. இவனைத்தான் நாம் ‘தகவல் தொடர்புத் திறன் குறைவு’ என்று வடிகட்டி வெளியே வைத்திருந்தோம்.

ஷிப்ட் குறிப்பு பக்கத்தில் இருப்பவருக்கு எழுதுவது. மேலே இருப்பவருக்கு எழுதுவது இன்னும் சிக்கல். அதற்கு நான் எடுப்பது கொலம்பியா விண்வெளி ஓடம். 2003 ஜனவரி 16 இல் கிளம்பியபோது வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து மேலதிகாரிகளுக்குப் படக்காட்சித் தாள்கள் தயாரித்தார்கள். பிப்ரவரி 1 இல் திரும்பும்போது ஓடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழு அந்தத் தாள்களில் ஒன்றை எடுத்துத் தன் அறிக்கையில் அலசியிருக்கிறது. பெரிய எழுத்தில் தலைப்பு, நிலைமை சோதனைகள் காட்டுவதைவிட மோசமில்லை என்ற தொனியில். அடுக்கடுக்காக உள்ளே போகும் வரிகள். கடைசி வரிகளில்தான் உண்மை. சோதனையில் பயன்படுத்திய துண்டின் கன அளவு 3 கன அங்குலம். இறக்கையில் மோதியதாகக் கணித்த துண்டு 1920 கன அங்குலம். 640 மடங்கு. அதாவது, ‘எங்கள் சோதனை இதற்குப் பொருந்தாது, எங்களுக்குத் தெரியாது’. இது தலைப்பாக இருந்திருக்கவேண்டிய வரி.

அந்த ஒரே தாளில் ‘குறிப்பிடத்தக்க’ என்ற பொருள் தரும் சொல் ஐந்து இடங்களில் வருகிறது. எவ்வளவு என்றால் குறிப்பிடத்தக்கது? என் ‘பார்க்கப்பட்டது’க்கு அது அக்கா முறை. அந்தத் தாளை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வேன். எண் உள்ளே இருக்கிறது. அதை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில்தான் துணிவு தேவைப்படுகிறது. மாணவர்களிடம் அந்தத் தாளின் உள்ளடக்கத்தைத் தமிழில் கொடுத்து, அதிகாரிக்கு 30 விநாடி மட்டுமே நேரம் என்று வைத்துக்கொண்டு திருப்பி எழுதச் சொல்வேன். பாதிப் பேர் மறுபடியும் ஆறுதலான தலைப்போடுதான் தொடங்குவார்கள். முடிவு தெரிந்த பிறகும்! மேலே இருப்பவரைக் கலவரப்படுத்தக்கூடாது என்ற பணிவு அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

எதிர்கால வேலைக்கு இதெல்லாம் எதற்கு, எழுதித்தர இயந்திரம் இருக்கிறதே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வகுப்பில் பாதி மின்னஞ்சல்களை இப்போது செயற்கை நுண்ணறிவுதான் எழுதுகிறது, முதல் வரியிலேயே தெரிந்துவிடும். உதிரிபாகம் தாமதமாகிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கும் பயிற்சிக்கு ஒருவன் மூன்று பத்தி கொண்டுவந்தான். மன்னிப்பு, நன்றி, புரிதலுக்கு மீண்டும் நன்றி. பணிவு இருந்தது, பணி இல்லை. எத்தனை நாள் தாமதம் என்ற எண்ணே அதில் இல்லை, ஏனென்றால் இவன் அதை இயந்திரத்துக்குச் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், கிடங்கில் போய்க் கேட்கவில்லை. கிடங்குக்காரரிடம் போய் நின்று, அவர் எரிச்சலில் இருக்கும்போதும் ஒரு தேதியைக் கறந்துகொண்டு வருவது இருக்கிறதே, அதை எந்த இயந்திரமும் இவனுக்காகச் செய்யாது. நான் இயந்திரத்தைத் தடை செய்யவில்லை. அது எழுதியதற்குக் கீழே, ‘இதில் நான் நேரில் சரிபார்த்த வரிகள் இவை’ என்று கையால் எழுதி ஒப்பமிடச் சொல்கிறேன். முதல் முறை பெரும்பாலோர் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஃபிட்டரைப் பற்றியும் மாணவர்கள் கேட்பார்கள். சத்தத்தை முதலில் கேட்டவர் அவர்தான். விசாரணைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. மறுவாரம் நான் போய் மன்னிப்புக் கேட்டபோது, “நான் சொன்னதை நீங்கள் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன், மேடம்” என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆலையில் இருந்த காலம் முழுக்க, யார் எனக்கு ஒரு குறையைச் சொன்னாலும் அவர் எதிரிலேயே பதிவேட்டில் எழுதி, வாசித்துக் காட்டி, “இப்படித்தானே சொன்னீர்கள்?” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பல முறை, “அப்படி இல்லை, மேடம்” என்று திருத்தினார்கள். கேட்டதையே தவறாகக் கேட்டிருக்கிறேன்.

சென்ற வாரம் கல்லூரி நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம். அடுத்த பருவம் முதல் மென்திறன் தேர்வை 40 கொள்குறி வினாக்களாக, கணினியில் நடத்த உத்தேசம், வெள்ளிக்கிழமைக்குள் கருத்துச் சொல்லவும் என்று. ‘குழுப்பணியில் மிக முக்கியமானது எது? அ) நம்பிக்கை ஆ) பொறுமை இ) ஒத்துழைப்பு ஈ) இவை அனைத்தும்.’ மாதிரி வினா என்று இதை இணைத்திருந்தார்கள். விடை ‘ஈ’ என்பதைப் பம்ப்கூடச் சொல்லிவிடும்.

நேற்று இரவு பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன்: ‘தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது.’

அடித்தேன். ‘உங்கள் கடிதத்தைப் படித்தேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணங்கள் மூன்று’ என்று தொடங்கி முடித்துவிட்டேன். இன்று வியாழன். கடிதம் இன்னும் பையிலேயே இருக்கிறது.